நம்ம கொடிக்கம்பம் பைப்புக் கம்பம் ஆன விதம்

நம்ம பள்ளியில் இதுவரை நின்றது சவுக்குக் கம்பம். மண்ணுக்குள் இருந்த அடிப்பாகத்தைக் கரையான் அரித்துவிட்டதால் இந்த வருடம் பைப்பில் புதிதாகச் செய்தார்கள். எங்க மாமா வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். அவர்தான் செய்து கொடுத்தார். கூடவே இருந்து பார்த்ததால் நான் எழுதுகிறேன்.

இது ஜி.ஐ. பைப். இரும்பின் மேல் துத்தநாகம் பூசியது, சீக்கிரம் துருப்பிடிக்காது. அடியில் 2 அங்குல பைப் 12 அடி. அதன் வாயில் ஒன்றரை அங்குல பைப் 9 அடியை, 1 அடி உள்ளே போகும்படி சொருகி வெல்டிங் வைத்தால் மொத்தம் 20 அடி. எடை சுமார் 28 கிலோ. அடி மட்டும் ஏன் பருமன்? காற்று உச்சியில் கொடியைத் தள்ளும்போது கம்பத்தை வளைக்கிற விசை அடியில்தான் அதிகமாக விழும். காற்றின் வேகம் 2 மடங்கானால் தள்ளும் விசை 4 மடங்காகும். தென்னை மரமும் அடி பெருத்துத்தானே இருக்கு!

"கம்பியிலேயே செஞ்சா இன்னும் பலம்தானே மாமா?" என்று கேட்டேன். "அதே எடை இரும்பை பைப்பா ஆக்கினாத்தான் வளையாது. உன் சைக்கிளைப் பாரு, பைப்புதானே" என்றார்.

வெல்டிங் வைக்கும் இடத்தில் பூச்சை முதலில் ராவி எடுத்துவிட வேண்டும். துத்தநாகம் எரிந்தால் வெள்ளைப் புகை வரும், அதைச் சுவாசித்தால் ராத்திரி காய்ச்சலே வந்துவிடுமாம். பிறகு அந்த இடத்தில் பெயிண்ட். உச்சியில் மூடி போடாவிட்டால் மழைத் தண்ணீர் இறங்கி உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

கம்பத்தை நேராக மண்ணில் புதைக்கவில்லை. 2 இரும்புச் சேனல்களை கான்கிரீட்டில் நிறுத்தி, நடுவில் கம்பத்தை வைத்து மேலும் கீழும் போல்ட் போட்டிருக்கிறார்கள். மேல் போல்ட்டைக் கழற்றினால் கம்பம் கீல் வைத்த மாதிரி சாயும். கயிறு கப்பியை விட்டு நழுவினால் யாரும் ஏற வேண்டாம். கான்கிரீட் 1 பங்கு சிமெண்ட், 2 பங்கு மணல், 4 பங்கு ஜல்லி. 7 நாள் தண்ணீர் ஊற்றினோம். தூக்குக்குண்டு பிடித்து நேர் பார்த்தது கொத்தனார்.

இப்போ முக்கியமான விஷயம். கேட் பக்கம் வைத்தால் ரோட்டிலிருந்து அழகாகத் தெரியும் என்றுதான் எல்லாரும் சொன்னாங்க. ஆனால் அங்கே மேலே கரண்ட் கம்பி போகுது. கம்பம் நடும்போது மின்கம்பியில் பட்டு ஆட்கள் இறந்த செய்தி பேப்பரில் எத்தனையோ முறை வந்திருக்கிறது. சவுக்குக் கம்பம் இருந்த பழக்கத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை. மாமா ஒத்துக்கவே இல்லை. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடக்கூடாது என்று 30 அடி தள்ளி, வேப்ப மரத்துக்கு அந்தப் பக்கம் அளந்து குழி வெட்டச் சொன்னார். ரோட்டிலிருந்து பாதிதான் தெரியும். பரவாயில்லை.

கயிறு கப்பி வழியாகப் போய்த் திரும்புவதால் 20 அடிக் கம்பத்துக்கு 45 அடி நைலான் கயிறு. கொடியின் நீளம் அகலம் 3-க்கு 2 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும். நம்ம கொடி 900 மி.மீ.க்கு 600 மி.மீ. ஆகஸ்டு 15-ல் கொடியைக் கீழிருந்து ஏற்றுவோம். ஜனவரி 26-ல் மேலேயே கட்டியிருக்கும், அவிழ்ப்பது மட்டும்தான். அன்றைக்கு முடிச்சு இறுகினால் பூவும் விழாது, கொடியும் விரியாது! அதனால் ஒரே இழுப்பில் அவிழும் சுருக்கு முடிச்சுதான் போட வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் கப்பிக்கு எண்ணெய் விடுவது 9-ஆம் வகுப்பு வேலை என்று பி.டி. சார் சொல்லிவிட்டார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி