இசைத்தட்டு வாணிகமும் இசை மாணவரும்

குறிகாட்டுவான் துறையிலே விடியற்காலையில் வள்ளத்துக்காகக் காத்துநிற்போர், காற்று வாய்ப்பாக வீசும் நாளில், கோயில் ஒலிபெருக்கியிலிருந்து கடலின்மீது தவழ்ந்துவரும் பாட்டைக் கேட்டிருப்பர். ஒருநாள் சீர்காழி கோவிந்தராஜனின் கணீரென்ற குரல். மற்றொருநாள் திருவாவடுதுறை இராஜரத்தினம்பிள்ளையின் தோடி. அப்பாட்டு யாருடையது என வினவின், அம்மனுடையது என்பார் பக்தர். பாடியவருடையது என்பார் இரசிகர். இசைத்தட்டுக் கம்பனியோ இவ்விரு விடைகளையும் ஒப்புக்கொள்ளாது. சொல் ஒருவருக்கும், மெட்டு மற்றொருவருக்கும், பாடிய செயல் வேறொருவருக்கும், பதியப்பட்ட ஒலி இன்னுமொருவருக்கும் உரியனவாதல் கூடும். இந்நான்கையும் பிரித்தறிதலே அவ்வாணிகத்தின் அரிச்சுவடி. ஸ்வரமும் தாளமும் செவ்வனே கற்ற நம் மாணவருள் இவ்வரிச்சுவடியை அறிந்தாரை யான் அதிகம் கண்டிலேன்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி, உயர்தர வகுப்பிலே கர்நாடக சங்கீதத்தில் நன்கு தேறியவள், ஒரு கடதாசிக் கட்டோடு வீட்டுக்கு வந்தாள். அவளுடைய பாட்டனார், தாயைப் பெற்றவர், நயினை அம்மன்மீது பாடிவைத்த பதங்களை அவள் குரலிற் பதிந்து வெளியிட ஒரு கம்பனி முன்வந்திருந்தது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தது. "சேர், ஒருக்கால் வாசிச்சுச் சொல்லுங்கோ, கையெழுத்து வைக்கலாமோ எண்டு" என்றாள். யான் சட்டத்தரணி அல்லேன். வெளிவாரியாகப் பயின்று பட்டம் பெற்றவனாதலின், விளங்காத நூலை ஆசான் துணையின்றித் திரும்பத்திரும்ப வாசிக்கும் பழக்கம் மட்டும் உண்டு. பதினொரு பக்கங்கள், இரண்டு இரவுகள் சென்றன. அவ்விரவுகளில் எழுந்த ஐயங்களே இக்கட்டுரைக்கு வித்து.

இவ்வாணிகம் நம் நிலப்பரப்பில் வேரூன்றிய வரலாற்றை முதலிற் காண்பாம். 1902ஆம் ஆண்டிலே கிராமபோன் கம்பனியைச் சேர்ந்த பிரெட் கைஸ்பேர்க் என்பார் கல்கத்தா வந்து, கௌஹர் ஜான் என்னும் புகழ்பெற்ற பாடகியின் இசையைப் பதிவுசெய்தார். பாட்டு முடிந்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுதலை அத்தட்டுகளிற் கேட்கலாம். அது தற்பெருமையன்று. தட்டுகள் அச்சிடப்பட்டது ஜெர்மனியின் ஹனோவர் நகரில். நம் மொழியும் பெயரும் அறியாத தொழிலாளர் எத்தட்டு யாருடையதென அறிந்து சீட்டு ஒட்டுதற்கு அதுவே வழியாயிருந்தது. தட்டின் நடுவிலுள்ள அவ்வட்டச் சீட்டுக்கு ஆங்கிலத்தில் லேபல் என்று பெயர். நாளடைவிற் கம்பனியே அப்பெயரால் வழங்கலாயிற்று. தட்டுக்கு வேண்டிய அரக்கு இந்தியக் காடுகளிலிருந்து ஐரோப்பா சென்று, பாட்டாகித் திரும்பி நம்மவருக்கே விலைப்பட்டது. 1908இல் கல்கத்தாவின் சியால்டாவிலே தொழிற்சாலை எழுந்த பின்னரே அச்சுவேலை இந்தியாவுக்கு வந்தது.

தென்னாட்டில், ஏ. வி. மெய்யப்பச் செட்டியார் திரைப்படத் துறையுட் புகுமுன்னர், கூட்டாளிகளோடு சென்னையிலே சரஸ்வதி ஸ்டோர்ஸ் நடாத்தி, ஓடியன் தட்டுகளை விற்றவர். நம் நாட்டு மேடைகளிலும் நடித்துப் புகழீட்டிய எஸ். ஜி. கிட்டப்பா 1933ஆம் ஆண்டு இளவயதிலேயே மறைந்தார். அவர் குரலை இன்று நாம் அறிவது மூன்று நிமிடம் சுழலும் இசைத்தட்டுகளின் தயவினாலேயே. ஆதலின் கம்பனிகளை வெறுங் கொள்ளைக்காரர் என்று ஏசுதல் எனக்கு உடன்பாடன்று. பதியப்படும் பாட்டுகளிற் பெரும்பாலானவை முதலைத் திருப்பித் தருவதில்லை. ஒன்று வென்று ஒன்பதின் நட்டத்தைத் தாங்கவேண்டும். முதலீடும் துணிவும் தமதென்பதனாலேயே பதிந்த ஒலியின் உரிமையைத் தமக்கே கேட்கின்றனர். கேட்பது இயல்பு; எதைக் கொடுக்கின்றோம் என்றறியாது கொடுப்பதே தவறு.

இனி, கணக்கு. றோயல்ரி எனப்படும் உரிமைப்பங்கு நூற்றுக்குப் பத்து என்று ஒப்பந்தம் கூறுவதாகக் கொள்வோம். பதிவுச் செலவு மூன்று இலட்சம் ரூபா. வருவாய் பத்து இலட்சம். பாடகிக்குரியது ஒரு இலட்சம் என்று மாணவர் உடனே விடையிறுப்பர். ஆயின் பதிவுச் செலவு முழுவதும் பாடகியின் பங்கிலிருந்தே கழிக்கப்படும் என்றொரு வாசகம் உட்பக்கத்தில் இருக்கும். அதன்படி ஒரு இலட்சம் கழிந்து, இன்னும் இரண்டு இலட்சத்துக்கு அவள் கடன்காரியாகவே நிற்பாள். கம்பனியோ செலவு போக ஏழு இலட்சம் மிகுதி கண்டிருக்கும். இதில் வஞ்சனை ஏதுமில்லை, எழுதியபடியே நடக்கின்றது. எட்டாம் வகுப்புச் சதவீதக் கணக்கு இசை மாணவருக்கு எதற்கு என்று கேட்பவர்க்கு இதனைக் காட்டுக.

எங்கள் ஒப்பந்தத்தில் மற்றொரு வாசகமும் இருந்தது. சொல், மெட்டு, பதிவு ஆகிய யாவற்றின் உரிமையும், இனிக் கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும், பிரபஞ்சம் முழுவதிலும், என்றென்றைக்கும் கம்பனியைச் சேரும் என்பது. பிரபஞ்சம் என்ற பொருள்படும் சொல்லைச் சைவ சித்தாந்த நூல்களுக்கு வெளியே இத்துணைப் பற்றுதலோடு எழுதியிருக்க யான் கண்டது அதுவே முதன்முறை.

நம் நாட்டின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, ஆக்கியோன் உரிமை அவர் வாழ்நாளும் இறந்தபின் எழுபது ஆண்டும் நிலைக்கும். பதிந்த ஒலிக்கும் பாடிய செயலுக்கும் ஐம்பது ஆண்டே. பதிவை ஒலிபரப்புவோர் கொடுக்கும் நியாயமான ஊதியத்திலே, வேறு உடன்பாடு இல்லாவிடிற் பாதி பாடியவர்க்கு உரியது என்றும் அச்சட்டம் விதிக்கின்றது. வேறு உடன்பாடு இல்லாவிடின் என்னும் அத்தொடரை மாணவர் கவனிக்க வேண்டும். ஒப்பந்தத்தின் ஒரு வரி அப்பாதியைப் போக்கிவிடும். இந்தியாவிலோ 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தமக்குரிய சமபங்கை வாரிசுகளுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ அன்றிப் பிறர்க்கு எழுதிக்கொடுத்தல் செல்லாது. நம் சட்டத்திலும் அத்தகைய காப்பு வேண்டும் என்பது என் துணிபு.

சொல்லும் மெட்டும் வேறு, பதிவு வேறு என்பதற்கு அமெரிக்கப் பாடகி டெய்லர் சுவிஃப்ட் செய்தது நல்ல சான்று. அவருடைய முதல் ஆறு தொகுப்புகளின் பதிவுரிமை கைமாறிப் பிறரிடம் சென்றது. பாட்டுகளை ஆக்கியவர் என்னும் உரிமை தம்மிடம் இருந்தமையால், 2021 முதல் அவற்றுள் நான்கினைத் தாமே மீளப் பாடி வெளியிட்டார்; 2025இல் பழைய பதிவுகளையும் விலைகொடுத்து மீட்டார். சென்னை உயர் நீதிமன்றத்திலே இளையராஜாவுக்கும் எக்கோ நிறுவனத்துக்கும் நிகழ்ந்த நெடிய வழக்கும் இவ்வேறுபாட்டையே சுற்றியது.

நம்மவர்க்குப் பாட்டு விலையில்லாப் பொருளாய்த் தோன்றுதற்குக் காரணமும் உண்டு. யான் சிறுவனாயிருந்த காலத்தில் யாழ்ப்பாண நகரிலே றெக்கோடிங் பார் என்னும் கடைகள் இருந்தன. விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக்கொடுத்தால் ஒலிநாடாவிற் பதிந்து தருவர். பின்னர் மின்சாரமற்ற ஆண்டுகளிற் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி அந்நாடாக்களைக் கேட்டோம். கடைக்காரருக்குக் காசு கொடுத்தோம்; மிதித்தவருக்குத் தேநீர் கொடுத்தோம்; பாடியவரை ஒருவரும் நினைத்திலோம்.

இன்று தட்டுமில்லை, நாடாவுமில்லை, கைத்தொலைபேசியே யாவும். ஆயினும் கௌஹர் ஜானின் தேவை மாறவில்லை. ஒவ்வொரு பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தும் எண்ணும் கொண்ட அடையாளக் குறியொன்று உண்டு. அதனோடு பாடியவர், எழுதியவர், மெட்டமைத்தவர் பெயர்கள் பிழையின்றிச் சேர்க்கப்பட வேண்டும். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஒருநாள் ஒருவாறும் மறுநாள் வேறுவாறும் எழுதும் நம் வழக்கத்தால் ஒருவரே மூவராய்ப் பிரிந்து, பணம் ஒருவர்க்கும் சேராது போகலாம். வகுப்பு இடாப்பை ஒழுங்காக எழுதுதற்கு வேண்டிய கவனம் போதும். அதனைப் பதிவு நாளன்றே செய்யவேண்டும்.

மாணவிக்கு யான் கூறியன சிலவே. பதிவுரிமையைக் காலவரையறையோடு கொடுக்கலாம். செலவுக் கணக்கை ஆண்டுதோறும் பார்வையிடும் உரிமை கேட்கலாம். சொல்லின் உரிமையோ அவள் கொடுக்கக்கூடியதன்று. பாட்டனார் காலமாகி இருபது ஆண்டுகூட ஆகவில்லை. அவர் உரிமை பிள்ளைகள் ஐவருக்கும் உரியது; அவருள் இருவர் கனடாவில். அவள் கண்கலங்கி, "அப்ப கம்பனி வேண்டாமெண்டு விட்டிடுமோ, சேர்?" என்று கேட்டாள். விட்டுவிடலாம் என்றே உண்மையைச் சொன்னேன்.

யாழ்நகரச் சட்டத்தரணி ஒருவரிடம் அவளை அனுப்பினேன். அவர் எழுதிய கடிதத்துக்கு இரு மாதங்களின்பின் மறுமொழி வந்தது. என்றென்றைக்கும் என்பது பதினைந்து ஆண்டாயிற்று. சொல்லும் மெட்டும் நீக்கப்பட்டன. செலவுக் கழிப்பு மட்டும் அப்படியே நின்றது. பிள்ளைகள் நால்வரின் சம்மதக் கடிதங்கள் கைக்கு வந்துவிட்டன. ரொறன்ரோவிலுள்ள மூத்த மாமா, பதங்களுள் ஒன்றில் ஓரடி பிழையாக எழுதப்பட்டிருக்கிறதென்றும், தகப்பனார் பாடியது அவ்வாறன்றென்றும், அதனைத் திருத்திய பின்னரே கையொப்பமிடுவேனென்றும் எழுதியிருக்கின்றார். மாணவி பழைய கொப்பியைத் தேடிக்கொண்டிருக்கின்றாள்.