மண்ணில் கொட்டும் கறுப்பு எண்ணெய்

சென்னையின் மேற்குப் புறநகர்களை வளர்த்தவை இயந்திரங்களே எனலாம். 1960-களில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பூவிருந்தவல்லி வழியாக இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. நம் குடும்பங்கள் பலவற்றிற்கு அன்றாட உணவை அளிப்பவை இத்தொழில்களே. ஆயினும், வண்டியிலிருந்து இறக்கிய பழைய எண்ணெய் எங்கே போகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

இருசக்கர வண்டிக்கு ஏறத்தாழ 1 லிட்டர், காருக்கு மூன்று நான்கு லிட்டர், லாரிக்கு 10 லிட்டருக்கும் மேல் எண்ணெய் மாற்ற வேண்டும். இறக்கிய எண்ணெயைச் சிலர் கொட்டகையின் பின்புறம் ஊற்றுவர். சிலர் சாக்கடையில் விடுவர். புழுதி அடங்கத் தெளிப்பவரும், கறையான் வராதிருக்க மரத்தில் பூசுபவரும் உண்டு.

இயந்திரத்தில் வெந்த எண்ணெயில் கரித்தூளும், தேய்ந்த உலோகத் துகள்களும், புற்றுநோயை விளைவிக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்துவிடுகின்றன. அது மண்ணின் நுண்துளைகளை அடைத்து, வேருக்குச் செல்லும் காற்றையும் நீரையும் தடுக்கிறது. ஒரு காலன் எண்ணெய் பத்து லட்சம் காலன் நன்னீரைக் கெடுக்கக்கூடும் என அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் நிறுவனம் எச்சரிக்கிறது.

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் டைம்ஸ் பீச் என்ற சிற்றூர் இருந்தது. 1970-களில் அங்கே தெருப் புழுதியை அடக்கக் கழிவு எண்ணெய் தெளித்தார்கள். ஓர் இரசாயன ஆலையின் டையாக்சின் நஞ்சு அதில் கலந்திருந்தது. 1982-இன் இறுதியில் உண்மை வெளிப்பட்டது. மறு ஆண்டு அரசே வீடுகளை விலைக்கு வாங்கி மக்களை வெளியேற்ற முற்பட்டது. கைமாறி வரும் எண்ணெயில் என்ன கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் காண இயலாது என்பதே இதன் பாடம்.

நம் ஊரும் பாடம் பெறாமல் இல்லை. 2013-இல் தண்டையார்பேட்டையில், நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள் ஆழ்துளைக் கிணறுகளில் கலந்தது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மணலிப் பகுதியிலிருந்து பரவிய எண்ணெய், எண்ணூர் மீனவரின் படகையும் வலையையும் கறுப்பாக்கியது. தொழிற்பேட்டையை அடுத்த கொரட்டூர் ஏரியில் ஆலைக்கழிவும் சாக்கடை நீரும் கலந்தது குறித்துத் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்தது. மேட்டில் ஊற்றுவது பள்ளத்தைச் சேரும். பள்ளத்தில் இருப்பவரும் நம் அயலாரே அன்றோ?

பட்டறைக்காரர் ஒருவரையே குறை கூறுவதில் நியாயமில்லை. பழைய எண்ணெய்க்கும் விலை உண்டு. அதிக விலை தருபவருக்கு அதை விற்பது இயல்பு. ஆனால் அவ்வாறு வாங்குவோருள் சிலர் அதை உலையில் எரிக்கின்றனர். அப்போது மண்ணுக்குச் சேர வேண்டிய நஞ்சு காற்றில் ஏறுகிறது. ஆகவே எத்தனை ரூபாய் கிடைக்கிறது என்பதோடு, யார் வாங்குகிறார் என்பதையும் கேட்டாக வேண்டும்.

எண்ணெய் தேய்ந்து போவதில்லை, அழுக்கடைகிறது. அவ்வளவே. சுத்திகரித்தால் மீண்டும் பயன்படும். அபாயகரக் கழிவுகளுக்கான விதிகள் 1989 முதலே நம் நாட்டில் உள்ளன. எண்ணெய் உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் பழைய எண்ணெயின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்துள்ளது.

சட்டம் தன் வழியில் செல்லட்டும். நாம் செய்யத்தக்கவை எளியவை. வீட்டில் எண்ணெய் மாற்றுவோர் அதைத் தட்டில் பிடித்து, மூடியுள்ள கேனில் சேர்த்து, பட்டறையில் ஒப்படைக்கலாம். அதில் தண்ணீரையோ பெட்ரோலையோ கலக்கலாகாது. கலந்தால் சுத்திகரிப்பது கடினம். சிந்திய எண்ணெயை நீர்விட்டுக் கழுவாமல் மரத்தூளிட்டு அள்ள வேண்டும். பட்டறையில் உழைக்கும் நம் பிள்ளைகள் கையுறை அணியட்டும். உண்ணுமுன் சோப்பிட்டுக் கைகழுவட்டும்.

பட்டறைகள் சில ஒன்றுகூடி, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி பெற்ற மறுசுத்திகரிப்பாளருக்கே எண்ணெயைத் தர முடிவு செய்தால் அதுவே பெருந்தொண்டு. வண்டியை விடும் நாமும், “பழைய எண்ணெயை என்ன செய்வீர்கள்?” என்று அன்போடு கேட்போம். பலர் கேட்கத் தொடங்கினால், பட்டறைக்குப் பின்னுள்ள அந்தக் கறுப்புக் குழி தானே தூர்ந்துபோகும்.