தலைத் தீபாவளி

ஐப்பசித் திங்கள் பிறந்ததும் மலைநாட்டில் இருவகை ஒலி கேட்கத் தொடங்கும். ஒன்று, பிற்பகல்தோறும் மலைமுகட்டில் எழும் இடிமுழக்கம். மற்றொன்று, லயங்களின் இஸ்தோப்புகளில் எழும் தீபாவளிப் பேச்சு. அவ்வாண்டு மகளை மணஞ்செய்து கொடுத்த வீட்டில் அப்பேச்சு இருமடங்காகும். மருமகன் தலைத் தீபாவளிக்கு வருகிறான் அல்லவா!

'தலை' என்னும் சொல் ஈண்டு முதலாவது என்னும் பொருளில் வந்தது. தலைப்பிள்ளை, தலைச்சூல் என்பன போல. விருந்து என்னும் சொல்லுக்கும் புதுமை என்பதே பழம்பொருள். எனவே, மணமான ஆண்டில் மாமனார் வீடு தேடி வரும் மருமகன் இருவகையாலும் விருந்தினன். ஆளும் புதியவன், உறவும் புதிது.

யாழ்ப்பாணத்துத் தமிழர்க்குத் தைப்பொங்கல் எத்தகையதோ அத்தகையது மலையகத் தமிழர்க்குத் தீபாவளி. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்கும், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம் முதலான பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். அவர்கள் கொணர்ந்த மூட்டையிற் பொருள் சிறிது, வழக்கம் பெரிது. அவ்வழக்கங்களுள் ஒன்றே தலைத் தீபாவளியைப் பெண்வீட்டிற் கொண்டாடுதல்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் நகரைக் காணவேண்டும். நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, கொட்டகலை ஆகிய பக்கங்களிலிருந்து வரும் பேருந்துகள் மக்களை இறக்கிவிட்டு, மேலும் ஏற்றிவர மீளும். வீதியிற் குடையோடு குடை இடிக்கும். துணிக்கடை வாயிலில் ஒலிபெருக்கி அலறும். நடைபாதையில் வளையலும் சட்டையும் செருப்பும் குவிந்து கிடக்கும். கொழும்புக் கடைகளில் வேலைபார்த்து, சேர்த்த பணத்தோடு முதல்நாள் இரவு வந்திறங்கிய இளைஞர் பலரை அக்கூட்டத்திற் காணலாம். நுவரெலியாக் கடைத்தெருவிலும் இதுவே காட்சி.

சென்ற ஆண்டு அத்தகைய நெரிசலில் என் பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். அருகே அவன் புதுமனைவி. மாமாவுக்கு வேட்டி, மாமிக்குச் சேலை, மைத்துனன் கேட்ட காற்சட்டை, பாட்டிக்குக் கம்பளிப் போர்வை என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தனர். வாங்கிய பொருளை ஒவ்வொன்றாய்க் கோடிட்டு வந்தவள், தனக்கென எழுதிய வரியை மட்டும் வாங்காமலே அடித்துவிட்டாள். அவன் அதனைக் கண்டான். ஒன்றும் பேசாமல் அக்கடைக்கே திரும்பிச் சென்று வாங்கி வந்தான். இத்தகைய இல்லறத் தொடக்கம் கண்டு யான் மகிழ்ந்தேன். பின்னர் அவன், "மாமி வீட்டில் மோதிரம் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள், ஐயா" என்றான். அச்சொல் என்னைப் பல்லாண்டு பின்னே இழுத்துச் சென்றது.

அம்மோதிரம் எங்கிருந்து வரும்? கொழுந்து பறிக்கும் தாய் நாளுக்குரிய நிறையைப் பறித்துக் கொடுத்தால் 'முழுப்பேர்', குறைந்தால் 'அரைப்பேர்'. நாட்கூலி 1,000 ரூபா என்பது நெடுநாட் போராட்டத்துக்குப் பின்னர் 2021இலேதான் கைகூடியது; 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவென அறிவிக்கப்பட்டது. தீபாவளிக்குத் தோட்டம் கொடுக்கும் முற்பணமோ கொடையன்று, கடன். பின்வரும் மாதங்களிற் சிறுகச் சிறுகக் கூலியிற் கழிபடும். ஒருநாள் எரிந்த மத்தாப்புக்கு மாதக்கணக்கில் விலை கொடுக்கின்றனர் எம் மக்கள்.

என் தலைத் தீபாவளி 1996இல், தலவாக்கலைக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் நிகழ்ந்தது. பத்தடிக்குப் பன்னிரண்டடி கொண்ட காம்பிரா ஒன்றே வீடு. அதனை எங்கள் இருவர்க்கும் விட்டுவிட்டு, மாமா இஸ்தோப்பிலே சாக்கு விரித்துப் படுத்தார்; மாமியும் இளைய மைத்துனிமாரும் அண்டை வீட்டிற் போய் நெருங்கிக் கிடந்தனர். விடியுமுன் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, மஞ்சள் தடவிய வேட்டி கொடுத்து, தோசையும் கறியும் படைத்தார்கள். பின்னர் என் விரலில் ஒரு மோதிரமும் இட்டார்கள். ஆசிரியன் என்னும் செருக்கோடு விரலை நீட்டினேன். "எதற்கு இது?" என்று ஒரு சொல்லேனும் கேட்டேனல்லேன்.

தைப்பொங்கலுக்குச் சென்றபோது மாமியின் காதுகளில் ஈர்க்குத் துண்டுகள் செருகியிருந்தன. என் மனைவி தலைகுனிந்தாள். தோடு அடகிலே இருந்தது. மீட்பதற்கு யான் பணம் சேர்த்து முடிப்பதற்குள் தவணை கடந்து நகை மூழ்கிவிட்டது.

"ஏன் மாமி இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"மூத்தவளுக்குச் செய்யக் கிடைக்கவில்லையே, மாப்பிள்ளை. அவளுக்கும் சேர்த்துத்தான் உங்களுக்குச் செய்தேன்" என்றார்.

மூத்தவர் கதை மலைநாட்டிற் பலருடைய கதை. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையின்றி நின்ற மக்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்குமென, 1964 ஒக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தனர். எண்ணைப் பங்கிடுவது எளிது. குடும்பத்தைப் பங்கிடுவது அவ்வாறன்று. மூத்த மைத்துனியை மணந்தவர் இந்தியக் குடியுரிமை பெற்றவர். 1970களின் இறுதியில், மணமான ஆண்டிலேயே, தீபாவளிக்கு இரு மாதம் முன்னர் அவ்விருவரும் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரம் சென்றனர். சீட்டுப் பணத்தில் முன்கூட்டியே மகளுக்கென வாங்கிய சேலை ஒன்று நெடுங்காலம் தகரப் பெட்டியிலேயே கிடந்ததாம்.

மகளும் மருமகனும் வாசல் மிதித்து உள்ளே வரவேண்டும் என்பதே அத்தாயின் ஆவல். மோதிரம் அவ்வாவலின் அடையாளம். யான் அடையாளத்தைப் பெற்றுக்கொண்டு ஆவலை அறியாமற் போனேன். அம்மோதிரத்தை இப்போது அணிவதில்லை. விற்கவும் மனம் வரவில்லை.

சீர் முழுவதையும் ஒழித்துவிட வேண்டும் என்பது என் கருத்தன்று. கொடுப்பதில் ஒரு தாய்க்குப் பெருமிதம் உண்டு; அதனை மறுத்தால் மனம் புண்படும். எண்ணெயையும் வெந்நீரையும் வேட்டியையும் மகிழ்ந்து ஏற்கலாம். கடன்பட்டு வரும் பொன்னை மட்டும் விலக்குதல் வேண்டும். ஆனால் பெண்வீட்டார் தாமே அதனைச் சொல்ல இயலாது. சொன்னால் ஊர் பழிக்கும். மகள் சொன்னாலும் தாய் கேளாள். சொல்லத்தக்கவன் மருமகன் ஒருவனே. அதுவும் பொன் வாங்கிய பின்னர் அன்று, வாங்குமுன்.

இவற்றையே அன்று ஹட்டன் வீதியில், மழைக்கு ஒதுங்கிய கடைத் தாழ்வாரத்தில், என் மாணவனுக்குச் சொன்னேன். அவன் மறுமொழி கூறவில்லை. அவன் மனைவி கைப்பொதியை மறுகைக்கு மாற்றிக்கொண்டு மழையையே பார்த்து நின்றாள். பேருந்து வந்தது, நெருக்கியடித்து ஏறிச் சென்றனர்.

தீபாவளி கழிந்த மறுவாரம் அவன் என் வீட்டுக்கு வந்தான். விரல் வெறுமையாக இருந்தது.

"மோதிரம் வேண்டாமென்று முந்திப்போய்ச் சொன்னதும் மாமி அழுதுவிட்டார்கள், ஐயா. தீபாவளியன்று கோழிக்கறியை மட்டும் போதும் போதும் என்னும்வரை வைத்தார்கள்" என்றான்.