லைனில் ஒருவர் காத்திருக்கிறார்

டீ வருவதற்குள் இதைப் பேசிவிடலாம். சப்போர்ட் டீமுக்கு உதவிக் குறிப்பு எழுதப் போகிறீர்கள் என்றால், அதைப் படிக்கப்போகிறவரை முதலில் நினைத்துக்கொள்ளுங்கள். காதில் ஹெட்செட், அதில் பதற்றமான ஒரு குரல், கண் திரையில். அடுத்து என்ன கேட்பது, என்ன சொல்வது என்பதுதான் அந்த நிமிடத்தில் அவருக்கு வேண்டும்.

யூபிஐ புகாரையே எடுத்துக்கொள்வோம். “ஸ்கேன் பண்ணேன், காசு போயிடுச்சு, கடைக்காரர் வரலைங்கிறார்.” இதற்கான குறிப்பு பல அலுவலகங்களில் ‘பரிவர்த்தனை மீட்புக் கொள்கை’ என்ற பெயரில் எங்கோ கிடக்கும். திறந்தால் முதல் பக்கம் முழுக்க யூபிஐ என்றால் என்ன என்ற பாடம். தலைப்பை ‘காசு போயிடுச்சு, எதிரில் வரலை’ என்றே வையுங்கள். விமானிகளின் அவசரக் கையேட்டில், எரிகிற எச்சரிக்கை விளக்கின் பெயரைக் கொண்டே பக்கத்தைத் தேடலாம். எந்தப் பாகம் கெட்டது என்று விமானி யோசித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

தலைப்புக்குக் கீழே, வழி பிரிகிற கேள்வி வர வேண்டும்: ஆளுக்கு அனுப்பினாரா, கடைக்குக் கட்டினாரா? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கை இரண்டுக்கும் வெவ்வேறு கெடு வைத்திருக்கிறது. ஆளுக்கு அனுப்பியது போய்ச் சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் பணம் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டி உறுதித் தகவல் வராவிட்டால் 5 நாள். கெடு தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் தர வேண்டும். இந்தக் கேள்வியைக் கேட்காத ஏஜென்ட், கடைக்குக் கட்டியவரிடம் “நாளைக்கு வந்துடும்” என்பார். நாளைக்கு அதே ஆள் இன்னும் கோபத்தோடு கூப்பிடுவார். இரண்டு வரி, மூன்று கட்டம் உள்ள சின்ன அட்டவணை இங்கே நன்றாக வேலை செய்யும். ஆனால் செய்முறையை அட்டவணைக்குள் அடைக்காதீர்கள். அதற்கு எண் போட்ட வரிகள்தான். ஒரு வரிக்கு ஒரு வேலை. 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை வாங்குவது ஒரு வரி, நிலையைப் பார்ப்பது அடுத்த வரி.

எச்சரிக்கை எங்கே நிற்கிறது என்பதில் நான் பிடிவாதக்காரன். நிலை ‘பெண்டிங்’ என்று இருக்கும்போது மறுபடி கட்டச் சொல்லக் கூடாது. இரண்டு தடவையும் பணம் போய்விடலாம். இதைக் கடைசியில் ‘குறிப்பு’ என்று போட்டு என்ன பயன்? கண் அங்கே போவதற்குள் வாய் சொல்லியிருக்கும். நிலையைப் பார்க்கும் படிக்கு நேர் மேலே போடுங்கள்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியதையும் பேச்சு நடையிலேயே எழுதிக் கொடுங்கள்: “5 நாளுக்குள்ள உங்க அக்கவுண்ட்டுக்கே திரும்பிடும் சார். அதைத் தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் சேர்ந்து வரணும், அதுக்கு நீங்க தனியா கேட்க வேண்டியதில்லை.” புது ஏஜென்டுக்கு இந்த இரண்டு வாக்கியம் பெரிய தைரியம்.

தடித்த எழுத்தைத் திரையில் அழுத்த வேண்டிய பட்டனின் பெயருக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சையை மட்டும் நம்பாதீர்கள். நிறம் பிரித்தறிய முடியாதவர்கள் டீமில் இருக்கலாம். ‘நிறுத்தவும்’ என்று எழுத்திலும் இருக்கட்டும். ஸ்கிரீன்ஷாட் குறைவாக. ஆப் ஒருமுறை அப்டேட் ஆனால் படம் பொய்யாகிவிடும், படத்துக்குள் இருக்கும் எழுத்து பெரும்பாலும் தேடலில் சிக்காது.

சுற்றறிக்கை விவரம், காரணம் எல்லாம் அடியில் இருக்கட்டும். தூக்கிப் போட வேண்டாம். அழைப்பு முடிந்தபின் படிக்கிறவர்கள் உண்டு. அதற்கும் கீழே கடைசியாகச் சரிபார்த்த தேதி, பொறுப்பாளரின் பதவி. ஆள் பெயர் போட்டால் அவர் வேறு டீமுக்குப் போனதும் குறிப்பு அநாதையாகிவிடும். ரிசர்வ் வங்கி நாள் கணக்கை மாற்றினால், அன்றைக்கே திருத்தியாக வேண்டிய தாள் இது.