வெளியே வெயில், உள்ளே அடுப்பு!

சென்னையிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறீர்களா? மரக்காணம் வந்ததும் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள் தெரியும். தலையில் உப்புக் கூடையோடு பாத்திகளின் வரப்பில் நடக்கும் பெண்களும் தெரிவார்கள். 'ஐயோ, என்ன வெயில்!' என்று பரிதாபப்படுகிறோம். அவர்கள் உடம்புக்குள்ளேயும் அடுப்பு எரிகிறது, தெரியுமா?

ஒன்றல்ல, கோடானுகோடி அடுப்புகள்! நம் செல்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைத்தான் சொல்கிறேன். இழை போலவும் மணி போலவும் தெரிவதால் தமிழில் 'இழைமணி' என்பார்கள். இதற்கு இரண்டு சவ்வுகள். வெளிச்சவ்வு வழவழப்பானது. உள்சவ்வோ புடவைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்பு கூடினால் வேலை நடக்கும் இடமும் கூடும். சாப்பிட்ட சோற்றின் சத்தைப் பிராணவாயுவின் உதவியால் எரித்து, ஏ.டி.பி. என்ற சக்திப் பொருளாக்குவது இங்கேதான். இன்னொரு விசேஷம்: இதற்கென்று தனி டி.என்.ஏ. உண்டு. அது நமக்கு அம்மா வழியாக வருவது!

அடுப்பென்றால் அனல் இருக்குமே? உழைக்கும்போது செலவாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் வேலையாகிறது; மீதியெல்லாம் சூடு. அதை வெளியேற்ற வியர்க்க வேண்டும். வியர்க்கத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர் குறைந்தால் சிறுநீரகம் திண்டாடும். இரத்தத்தை வடிகட்டி, வேண்டிய உப்பையும் சத்தையும் மீட்டெடுக்கும் ஓயாத வேலை அதற்கு. அதனால் இதயத்தைப் போலவே அங்கும் மைட்டோகாண்ட்ரியா ஏராளம். இரத்த ஓட்டமும் பிராணவாயுவும் குறைந்தால் அவை பழுதாகும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 7 பேருக்குச் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருந்தது.

'தண்ணி குடின்னு சொல்றது சுலபம். குடிச்சா எங்கே போய் ஒதுங்கறது?' மறைவே இல்லாத வெட்டவெளியில் பெண்களின் கவலை இதுதான். அதற்காகவே தாகத்தை அடக்குகிறார்கள்.

வெயிலில் உழைப்பவர்கள் தாகம் வருமுன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர், நீர்மோர் குடிக்க வேண்டும். அடிக்கடி நிழலில் உட்கார வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, தலைசுற்றல், தசைப்பிடிப்பு வந்தாலோ வேலையை நிறுத்துங்கள். தெளியாவிட்டால் டாக்டரிடம் போகத் தயங்காதீர்கள். ஏற்கெனவே இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

உப்பளத்தில் ஒரு நிழற்கொட்டகை, ஒரு கழிப்பறை, ஒரு குடம் நல்ல தண்ணீர். இந்த மூன்றும் இருந்தாலே பாதி வைத்தியம் ஆன மாதிரி!