அரமும் எந்திரமும்

(மூன்றாமாண்டு இளங்கலை வரலாறு மாணவர் ஒருவர்)

போர்களைப் பற்றி நாம் நிறையப் படிக்கிறோம். அப்போர்களில் வீரர்கள் ஏந்திய கருவிகளை யார் செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. துப்பாக்கிப் பட்டறையில் வளர்ந்து, பின்னர் தையல் எந்திரம் முதல் மோட்டார் கார் வரை எல்லாத் தொழில்களையும் மாற்றிய எந்திரம் ஒன்று உண்டு. அதுவே மில்லிங் எந்திரம். தமிழில் துருவல் எந்திரம் என்பர். அதன் சிறிய வடிவத்தை இன்று அமெரிக்காவில் பலர் வீட்டு மேசை மேல் வைத்து, பொழுதுபோக்காகப் பழைய துப்பாக்கிகளைச் செப்பனிடுகின்றனர். வரலாற்று மாணவன் என்ற முறையில் இவ்வெந்திரத்தைப் பற்றி நான் அறிந்தவற்றை நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மில்லிங் என்பது யாது?

லேத்தில் வேலைப்பொருள் சுழலும். வெட்டும் உளி சுழலாது. மில்லிங்கில் இது தலைகீழ். பல பற்கள் கொண்ட கட்டர் சுழல்கிறது. மேசையில் இறுகப் பிடித்த வேலைப்பொருள் அதை நோக்கி நகர்கிறது. இடவலம், முன்பின், மேல்கீழ் என மூன்று திசை நகர்வுகள் உண்டு. உருண்டையான பொருளுக்கு லேத் என்றால், தட்டையான முகம், பள்ளம், படி ஆகியவற்றுக்கு மில்லிங். இவ்வெந்திரம் வருமுன் இவற்றையெல்லாம் உளியாலும் அரத்தாலும் கையாலேயே செய்தார்கள்.

அரத்தின் ஆட்சி

பதினெட்டாம் நூற்றாண்டுத் துப்பாக்கியில் குதிரை, வில், விசை ஆகியவை சேர்ந்த பொறியே கடினமான பகுதி. கொல்லர் ஒவ்வொரு உறுப்பையும் அராவி அராவி மற்றோர் உறுப்போடு பொருத்துவார். ஆகவே ஒரு துப்பாக்கியின் உறுப்பு மற்றொன்றில் பொருந்தாது. போர்க்களத்தில் ஒரு சிறு வில் முறிந்தால், தேர்ந்த கொல்லர் வரும்வரை அந்தத் துப்பாக்கி வெறும் தடிதான்.

இக்குறையை நீக்க அமெரிக்க அரசு முயன்றது. 1798இல் ஈலை விட்னி 10,000 துப்பாக்கிகளை ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் செய்து தருவதாக ஒப்பந்தம் செய்தார். முடிக்க 1809 ஆயிற்று. 1801இல் அரசுத் தலைவர்கள் முன் உறுப்புகளை மாற்றி மாற்றிப் பொருத்திக் காட்டிப் புகழ் பெற்றார். ஆனால் எஞ்சியுள்ள விட்னி துப்பாக்கிகளை ஆராய்ந்தவர்கள், அவற்றின் உறுப்புகள் ஒன்றுக்கொன்று முழுமையாகப் பொருந்தவில்லை என்று கண்டனர். மில்லிங் எந்திரத்தை விட்னியே முதலில் செய்தார் என்ற பழைய கூற்றையும் பிற்கால ஆய்வாளர் பலர் ஏற்பதில்லை.

உண்மையில் அதிகம் உழைத்தவர்கள் அவ்வளவாகப் புகழ் பெறாத இருவர். கனெக்டிகட்டில் சிமியன் நார்த் என்பவர் 1813இல், உறுப்புகள் ஒன்றுக்கொன்று மாறக்கூடியவையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு 20,000 கைத்துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் பெற்றார். ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசு ஆயுதசாலையில் ஜான் ஹால் வெட்டும் எந்திரங்களையும், வேலைப்பொருளை ஒரே இடத்தில் பிடிக்கும் சட்டங்களையும், அளவு பார்க்கும் கேஜ்களையும் உருவாக்கினார். 1834 அளவில் நார்த் கனெக்டிகட்டில் செய்த துப்பாக்கியின் உறுப்புகள், ஹார்ப்பர்ஸ் ஃபெரியில் செய்த துப்பாக்கியில் பொருந்தின. தொலைவிலுள்ள இரு பட்டறைகள் ஒரே அளவைப் பேசிய நாள் அது எனலாம்.

1851இல் லண்டன் பொருட்காட்சியில் வெர்மான்ட் மாநிலத்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் நிறுவனம் இத்தகைய துப்பாக்கிகளை வைத்தபோது ஆங்கிலேயர் வியந்தனர். சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் என்ஃபீல்டு தொழிற்சாலைக்கு அமெரிக்க எந்திரங்கள் கப்பலேறின. 1862இல், உள்நாட்டுப் போருக்காகத் துப்பாக்கி செய்துவந்த பட்டறை ஒன்றின் தேவைக்காக ஜோசப் பிரவுன் பலபயன் மில்லிங் எந்திரத்தை அமைத்தார். வெடிமூடி மாட்டும் சிறு காம்பில் துளையிட முறுக்குத் துளைப்பான்கள் வேண்டியிருந்தன. அவற்றின் சுருள் பள்ளங்களை அதுவரை கையால் அராவினார்கள். அந்த அரத்தின் வேலையையும் எந்திரம் எடுத்துக்கொண்டது.

தொழிலாளியின் பக்கம்

இதில் இழந்தவர் இல்லையா? உண்டு. முழுப் பொறியையும் தாமே செய்துவந்த கைவினைஞர், ஒரே உறுப்பை ஓயாமல் வெட்டும் எந்திரத்தின் அருகே நிறுத்தப்பட்டார். தம் விருப்பம்போல் வந்துபோன ஹார்ப்பர்ஸ் ஃபெரி தொழிலாளர்களைக் கடிகாரத்துக்குக் கட்டுப்படச் சொன்னபோது, 1842இல் அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். கால்வாய்ப் படகில் வாஷிங்டன் சென்று ஜனாதிபதி டைலரிடமே முறையிட்டார்கள். அவர் அன்பாகப் பேசினார். ஆனால் கடிகாரத்தை அகற்றவில்லை. வேலைக்குத் திரும்பும்படி அனுப்பிவிட்டார்.

மேசை மேல் எந்திரம்

இனி இன்றைய சிறு எந்திரத்துக்கு வருவோம். 1938இல் தோன்றி உலகெங்கும் பரவிய பிரிட்ஜ்போர்ட் வகை எந்திரம் ஏறத்தாழ ஒரு டன் எடை. மேசை மேல் வைக்கும் எந்திரமோ பெரும்பாலும் ஐம்பது அறுபது கிலோதான். எடை குறைந்தால் உறுதியும் குறையும். கட்டர் அழுத்தும்போது எந்திரமே சற்று வளைந்து அதிரும். வெட்டிய முகத்தில் அலைகள் தோன்றும். எனவே சிறிது சிறிதாகவே வெட்டவேண்டும்.

வேகத்துக்குக் கணக்கு உண்டு. மென் எஃகை அதிவேக எஃகுக் கட்டரால் வெட்ட நிமிடத்துக்கு ஏறத்தாழ 25 மீட்டர் வெட்டுவேகம் போதும். கட்டரின் விட்டம் 10 மில்லிமீட்டர் என்றால், அதன் சுற்றளவு 31.4 மில்லிமீட்டர். 25,000ஐ 31.4ஆல் வகுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 800 சுற்றுகள். இதற்கு மிக அதிகமானால் கட்டரின் முனை கருகும்.

கோவையில் சிறு பட்டறை வைத்திருக்கும் என் தாய்மாமன், பம்பு உறுப்புகளுக்காக இத்தகைய எந்திரம் ஒன்றை வைத்திருக்கிறார். கைப்பிடியைத் திருப்பித் திசை மாற்றும்போது முதல் சிறிது தூரம் மேசை நகராது என்பதை அவர்தான் எனக்குக் காட்டினார். திருகுக்கும் அதன் மரைக்கும் உள்ள இடைவெளியே காரணம். ஆகவே எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வரவேண்டும். “டயல் பொய் சொல்லாதுடா; நாமதான் எந்தப் பக்கமிருந்து வந்தோம்னு மறந்துடுவோம்” என்பார். இதே இடைவெளியால், கட்டர் வேலைப்பொருளைத் தன்பால் இழுக்கும் திசையில் ஊட்டினால் மேசை குதித்துக் கட்டர் முறியும். சுழற்சிக்கு எதிராக ஊட்டுவதே சிறு எந்திரத்துக்குப் பாதுகாப்பு.

அமெரிக்கப் பொழுதுபோக்காளர் இதில் செய்வது பெரும்பாலும் சிறு வேலைகளே: குறிகாட்டியைச் செருகும் புறாவால் பள்ளம் வெட்டுதல், தொலைநோக்கித் தாங்கிக்குத் திருகுத் துளையிடுதல், கிடைக்காத பழைய உறுப்புக்கு மாற்று செய்தல். புறாவால் பள்ளம் ஒரு நல்ல சோதனை. முதலில் நேர்க் கட்டரால் நடுவில் வெட்டி, பிறகே சரிவுக் கட்டரைச் செலுத்துவர். அகலம் ஒரு மயிரிழை கூடினாலும் குறிகாட்டி தளர்ந்துவிடும். வெட்டியதை மீண்டும் ஒட்டவைக்க முடியாது. ஆகவே பத்து நிமிட வெட்டுக்கு ஒரு மணி நேர ஆயத்தம். வைஸ் நேராக உள்ளதா, தலைப்பகுதி மேசைக்குச் செங்குத்தா என்று டயல் கேஜால் பார்த்துப் பார்த்துச் சரிசெய்யவேண்டும். குண்டின் அழுத்தத்தைத் தாங்கும் பகுதிகளில் அனுபவமில்லாதவர் கைவைப்பது உயிருக்கே ஆபத்து.

சட்டத்தையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில்கூடப் பிறர் துப்பாக்கிகளைத் தொழிலாகப் பழுது பார்க்க அரசு உரிமம் வேண்டும். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கி செய்வதும் பழுது பார்ப்பதும் குற்றம். எனவே இந்தப் பொழுதுபோக்கு நமக்கு உரியதன்று, எந்திரம் உரியது. பம்பும் தையல் எந்திரமும் அதே அளவுத் துல்லியத்தைக் கேட்பவையே.

முடிவுரை

கைத்திறனை விலக்கவே வளர்க்கப்பட்ட எந்திரம் இது. ஆயிரம் உறுப்புகளை ஒரே அச்சாக வெட்டும் ஆயுதசாலையில், பிடிக்கும் சட்டமும் கேஜும் திறமையைத் தம்முள் வைத்துக்கொண்டன. தொழிலாளி நெம்புகோலை இழுத்தால் போதும். ஒரே ஒரு உறுப்பைச் செய்யும் சிறு பட்டறையில் அந்தச் சட்டமும் இல்லை, கேஜும் இல்லை. அங்கே பிடிப்பதும் அளப்பதும் பொறுப்பதும் மீண்டும் மனிதன் வேலையாகின்றன. ஆகவே தொழிலாளியின் திறமையைப் பறித்தது எந்திரமே என்று முழுப் பழியையும் அதன்மேல் போடுவது சரியன்று. வேலையை அவ்வாறு பகுத்து அமைத்தவர்கள் மனிதர்களே. தொழிற்புரட்சியைப் படிக்கும் நாம் இதை மறவாதிருப்போமாக.