நொண்டும் கோழியைக் குழம்பு வைக்கும் முன்... உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள்!

நாமக்கல் என்றாலே முட்டைதான். தினமும் கோடிக்கணக்கில் முட்டைகள் லாரி ஏறும் இந்த மாவட்டத்தில், பண்ணைக்கோழிகளுக்குத் தீவனம், தடுப்பூசி எல்லாம் அட்டவணை போட்டு நடக்கிறது. அதே பண்ணைக்குப் பக்கத்துக் காட்டில் மேயும் பத்து நாட்டுக்கோழிகளில் ஒன்று காலைத் தூக்கித் தூக்கி வைத்தால், ‘ரெண்டு நாள்ல தானா சரியாயிரும்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஒரு வாரம் கழித்து அது எழ முடியாமல் உட்கார்ந்ததும், குழம்புச் சட்டிக்குப் போய்விடுகிறது.

பல ஆயிரம் கோழிகள் உள்ள பண்ணையில் ஒரு கோழி குறைவது பெரிய கணக்கு இல்லை. வீட்டில் அப்படி அல்ல. நன்றாக அடைகாத்து, பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் குஞ்சுகளைக் காப்பாற்றும் ஒரு பெட்டை போனால், அதோடு அடுத்த அடைக்குஞ்சுகளும் போச்சு. அவசரச் செலவுக்கு விற்கலாம் என்று வைத்திருந்த பெருவிடைச் சேவலும் அப்படித்தான். ஆனால், நொண்டும் கோழிகளில் பலவற்றை முதல் இரண்டு, மூன்று நாள்களில் கவனித்தால் வீட்டிலேயே தேற்றிவிடலாம்.

இருட்டிய பிறகு பிடியுங்கள்

பகலில் துரத்திப் பிடித்தால் அடிபட்ட கால் இன்னும் கெடும். கோழி அடைந்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் மெதுவாகத் தூக்கி, பழைய துண்டில் இறக்கையோடு சேர்த்துச் சுற்றிக்கொள்ள வேண்டும். நெஞ்சை இறுக்கக் கூடாது. கோழிக்கு மனிதர்களைப்போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு மேலும் கீழும் அசைந்தால்தான் மூச்சு விட முடியும்.

பிறகு உள்ளங்கால், விரல் இடுக்கு, முட்டி, தொடை என்று கீழிருந்து மேலாகத் தடவிப் பார்க்க வேண்டும். நன்றாக இருக்கும் காலோடு ஒப்பிட்டால் வீக்கம், சூடு, வளைவு எல்லாம் கைக்குத் தெரிந்துவிடும்.

முள்ளும் தறி நூலும்

வேலி ஓரம் மேயும் கோழிகளுக்குச் சீமைக் கருவேல முள்தான் முதல் எதிரி. வேலி வெட்டிய பிறகு சிதறிக் கிடக்கும் காய்ந்த முள், உள்ளங்காலில் ஏறி ஒடிந்துவிடும். காலை வெதுவெதுப்பான உப்பு நீரில் (ஒரு லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி உப்பு) 10 நிமிடம் ஊறவைத்தால் தோல் இளகும். கொதிநீரில் போட்டு எடுத்த இடுக்கியால் முள்ளைப் பிடுங்கி, போவிடோன் அயோடின் மருந்து தடவினால் போதும்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, சேலம் பகுதிகளில் தறி ஓடும் வீடுகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. குப்பையைக் கிளறும் கோழியின் விரலில் கழிவு நூல் சுற்றிக்கொள்ளும். நடக்க நடக்க நூல் இறுகி, ரத்த ஓட்டம் நின்று, விரல் கறுத்து விழுந்துவிடும். வீக்கத்துக்குள் நூல் புதைந்திருப்பதால் வெளியே தெரியாது. விரல் வீங்கி, நடுவில் பள்ளமான கோடு தெரிந்தால் அது நூல்தான். இழுக்காமல், சிறு கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டி எடுக்க வேண்டும். விரல் முழுவதும் கறுத்துவிட்டால் மருத்துவரிடம் காட்டுவதே சரி.

உள்ளங்காலில் கறுப்புப் பொருக்கா?

கோழியின் உள்ளங்கால் வீங்கி, நடுவில் ஆணி போல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தால், அது ‘பாதப்புண்’. சிறு கீறல் வழியாக ‘ஸ்டெஃபைலோகாக்கஸ்’ என்ற பாக்டீரியா உள்ளே போவதால் பெரும்பாலும் இது வருகிறது. ஈரத் தரை, உயரத்திலிருந்து குதிப்பது, உடல் எடை கூடுவது, பச்சைத் தீனி இல்லாமல் வைட்டமின் ஏ குறைவது எல்லாம் இதற்குத் துணைபோகும்.

ஆட்டுக்கும் மாட்டுக்கும் வரும் சீழ் போலக் கோழியின் சீழ் ஒழுகாது. பாலாடைக்கட்டி போல இறுகிவிடும். அதனால் பிதுக்கினால் வெளியே வராது. நோய்தான் உள்ளே பரவும். வீக்கம் சிறிதாக இருக்கும்போது தினமும் ஒருமுறை உப்பு நீரில் 10 முதல் 15 நிமிடம் ஊறவைத்து, துடைத்து, அயோடின் தடவி, சுத்தமான துணியால் கட்ட வேண்டும். கட்டைத் தினமும் மாற்ற வேண்டும். ஒரு வாரத்தில் வற்றவில்லை என்றாலும், வீக்கம் முட்டிவரை ஏறினாலும், கீறி எடுப்பது மருத்துவரின் வேலை. வீட்டில் பிளேடு எடுக்கக் கூடாது. இந்தப் பாக்டீரியா மனிதர்களின் புண்ணிலும் தொற்றும். கையுறை போட்டுக்கொள்வதும், சோப்பால் கை கழுவுவதும் அவசியம்.

மேலோட்டமான கீறல்களுக்கு மரபுவழி மருத்துவத்தில் சொல்லப்படும் எண்ணெய் உதவும். 100 மி.லி தேங்காய் எண்ணெயில், குப்பைமேனி, வேம்பு, துளசி, மருதாணி இலைகள் தலா ஒரு சிறு பிடி, பூண்டு 2 பல், மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி ஆகியவற்றை அரைத்துப் போட்டுக் காய்ச்சி, ஆறிய பிறகு தடவலாம்.

எலும்பு முறிந்தால்...

கால்களைக் கட்டித் தலைகீழாகச் சந்தைக்குத் தூக்கிப்போவது, கதவிடுக்கில் மாட்டுவது, வண்டியில் அடிபடுவது ஆகியவற்றால் எலும்பு முறியலாம். செதில் உள்ள பகுதியில், தோல் கிழியாமல் முறிந்திருந்தால் கட்டுப் போடலாம். காலை நேராக்கி, பஞ்சு சுற்றி, இரு பக்கமும் மெல்லிய மூங்கில் சிம்பு வைத்து, துணி நாடாவால் சுற்ற வேண்டும். கட்டுப் போட்ட சில மணி நேரத்தில் விரல்களைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லிட்டிருந்தாலோ, வீங்கியிருந்தாலோ கட்டு இறுக்கம்; தளர்த்திவிட வேண்டும். சுமார் மூன்று வாரத்தில் எலும்பு கூடும். தொடையில் முறிவு என்றாலும், எலும்பு வெளியே தெரிந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

செய்தித்தாள் விரித்த வழுக்கும் தரையில் விட்ட குஞ்சுகளுக்கு, கால்கள் இரு பக்கமும் அகன்று போகும். பொரித்த ஓரிரு நாளிலேயே இரு கால்களையும் இயல்பான இடைவெளியில் மென்மையான ஒட்டு நாடாவால் இணைத்து, சாக்குத் துணி மேல் விட்டால் சில நாள்களில் நேராகும். நாள் கடந்தால் பலன் குறைவு.

காயமே இல்லாமல் நொண்டினால்...

ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்தால் அது மேரக்ஸ் நோயாக இருக்கலாம். கழுத்து திருகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தால் வெள்ளைக் கழிச்சலாக இருக்கலாம். இவற்றுக்குக் கட்டும் எண்ணெயும் வேலை செய்யாது. மற்ற கோழிகளிடமிருந்து உடனே பிரித்து, கால்நடை மருந்தகத்தில் சொல்ல வேண்டும். நொய்யும் சோறும் மட்டுமே தின்று வளரும் குஞ்சுகளுக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமலும் கால் வளையும். கிளிஞ்சல் தூளும் காலை வெயிலும் இதற்குத் தடுப்பு.

தனி இடம்தான் பாதி மருந்து

சிவப்பாகப் புண்ணைக் கண்டால் மற்ற கோழிகள் கொத்தியே பெரிதாக்கிவிடும். அதனால், சிகிச்சை முடியும்வரை கோழியைப் பஞ்சாரத்தில் தனியாக மூடிவைக்க வேண்டும். கீழே காய்ந்த நெல் உமி அல்லது நிலக்கடலைத் தோல் பரப்பி, தீனியும் தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க, அடையும் கட்டையை ஒன்றரை, இரண்டு அடி உயரத்துக்குள், ஓரம் மழித்து அமைக்கலாம். கூளத்தை அவ்வப்போது கிளறி, ஈரமானதை அள்ளிவிட வேண்டும். வாரம் ஒருநாள் மாலையில் எல்லாக் கோழிகளின் காலையும் ஒருமுறை திருப்பிப் பார்த்தால், முள் ஏறிய அன்றே தெரிந்துவிடும்.

செய்யக் கூடாதவை

* புண்ணில் சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், வண்டி கிரீஸ் தடவக் கூடாது.
* வீட்டில் மிச்சமிருக்கும் மனிதர்களின் வலி மாத்திரை, ஆன்டிபயாடிக் கொடுக்கக் கூடாது.
* மருத்துவர் ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால், அவர் சொல்லும் நாள்கள் முடியும்வரை அந்தக் கோழியின் முட்டையையோ கறியையோ உண்ணக் கூடாது, விற்கவும் கூடாது.

சந்தேகம் இருந்தால் அருகில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நாமக்கல் பகுதியினர் அங்குள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், ஆத்தூர் பக்கம் இருப்பவர்கள் தலைவாசல் கல்லூரியிலும் காட்டலாம். ஒரு கோழிக்காக மருத்துவமனைக்குப் போவதா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. அந்த ஒரு கோழியை நம்பித்தான் அடுத்த பத்துக் குஞ்சுகள் இருக்கின்றன.